முனியைப் பார்க்க இரண்டு டிக்கெட்

12 செப்டம்பர், வெள்ளி

காலையில் வெயில். மதியம் மழை. குனோங் ராபாட் மலை பாதி மறைந்தது. பக்கத்து வீட்டார் காயப்போட்ட துணி முழுதும் நனைந்தது. இரண்டுக்கும் நான் பொறுப்பில்லை. இன்றைய நல்ல செய்தி இது ஒன்றுதான்.

கல்யாணப் பத்திரிகைப் பெட்டி இன்னும் என் சாப்பாட்டு மேசைக்கு அடியில். சாப்பிடும்போதெல்லாம் கால் இடிக்கிறது. தைப்பிங்கில் அக்கா வீட்டுக்குள் அந்தப் பெட்டி நுழையக் கூடாதாம். முனி உத்தரவு கொடுக்கும்வரை.

நிலவரம், எனக்கே தெளிவாக இருக்கட்டும் என்று:

கயல். பாக்கியம் அக்காவின் ஒரே மகள். இங்கே ஈப்போவில் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தீபாவளி கழிந்து இரண்டாம் ஞாயிறு கல்யாணம் என்று அவளே முடிவு செய்து, அவளே பத்திரிகை அடித்து, என் மேசைக்கடியில் வைத்துவிட்டாள்.

மாப்பிள்ளை ஜேசன் லியோங். டயர் கடை. சீனப் பையன். என்னை மாமா என்கிறான். போன மாதம் என் காருக்கு நான்கு டயர் மாற்றினான். நான் கேட்டது ஒன்று.

அக்கா. 'எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. சாமி என்ன சொல்லுதோ அதான்.' அக்கா எதையும் நேராக மறுத்ததில்லை. வக்கீல் வைத்துத்தான் மறுப்பாள். அத்தான் இருந்தவரை அத்தான். இப்போது முனி.

எங்கள் குடும்பத்தில் கல்யாணம் என்றால் முதல் பத்திரிகை நாங்கள் பிறந்த தோட்டத்து முனிக்கு. கல்லின் வலத்தோளில் வெள்ளைப் பூ, இடத்தோளில் சிவப்புப் பூ. வெள்ளை முதலில் விழுந்தால் நடத்தலாம். சிவப்பு விழுந்தால் கூடாது. போய்க் கேட்க வேண்டியவன் தாய்மாமன். அதாவது நான்.

சிக்கல் சிறியது. தோட்டம் இல்லை. ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு ஒரு கம்பெனி அங்கே இரண்டு கேளிக்கைப் பூங்கா கட்டியிருக்கிறது. இந்தப் பக்கம் ராட்டினமும் ரோலர்கோஸ்டரும்: பேரரசுப் பூங்கா (இனி பே.பூ.). அந்தப் பக்கம் தண்ணீர்: அலைப் பூங்கா (அ.பூ.). நடுவே கார் நிறுத்துமிடம். முன்பு அந்த நிலத்துக்குள் நுழைய நமக்குக் கூலி கொடுத்தார்கள். இப்போது நாம் கொடுக்கிறோம். மற்றபடி பெரிய மாற்றமில்லை. அன்றும் வெயிலில்தான் நின்றோம்.

முனி எந்தப் பூங்காவில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. அக்காவிடம் போனில் கேட்டேன்.

'கிராணி வீட்டுக்குப் பின்னால, வாய்க்கா ஓரம், பலா மரத்தடி. கண்ண மூடிக்கிட்டுப் போலாம்.'

'கிராணி வீட்ட இடிச்சிட்டாங்கக்கா.'

'வாய்க்கா இருக்கும்ல? வாய்க்கால எப்படிடா இடிப்பாங்க?'

கிராணி என்றால் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை என்பதே பூங்காக்காரர்களுக்குத் தெரிந்திருக்காது.

'நீயும் வாயேன்க்கா.'

'முட்டி வலி. அதோட, டிக்கெட் வாங்கிச் சாமி கும்பிடற பழக்கம் எனக்கில்ல.'

மாலையில் கயல் வந்தாள். ஆஸ்பத்திரிச் சீருடை. பெட்டியைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினாள்.

'மாமா, எது விழுந்தாலும் வெள்ளைன்னு சொல்லிடுங்க.'

'அப்படியெல்லாம் சொல்ல முடியாது.'

'ஏன், நீங்கதான் சாமியே கும்பிட மாட்டீங்களே?'

கும்பிடுவது வேறு. இந்த வாய் முப்பது வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்த்த வாய். திருடன் சொன்னதைத் திருடன் சொன்னபடி, போலீஸ் சொன்னதைப் போலீஸ் சொன்னபடி. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சாமி சொன்னதை மட்டும் மாற்றிச் சொல்வதா?

'பதிவு ஆபிசுல ரெண்டு சாட்சி இருந்தாப் போதும் மாமா. சட்டப்படி அம்மா வேணாம்' என்றாள். மூக்கை உறிஞ்சினாள். 'சட்டப்படி வேணாம்' என்று இன்னொரு முறை சொன்னாள்.

ஜேசன் வெளியே காரில். 'மாமா, நானும் வாரேன், பேக் தூக்க.' வேண்டாம் என்றேன். மாப்பிள்ளை கூட இருக்கக் கூடாது என்பது அக்காவின் உத்தரவு. ஆகவே நாளை, இந்த வயதில், தனி ஆளாக, கேளிக்கைப் பூங்காவுக்கு.

எடுத்துப்போக: சர்க்கரைப் பொங்கல் (எதிர்வீட்டு அம்மா செய்து தருகிறார்), பூ இரு நிறம், சூடம், எலுமிச்சை, சுருட்டு, கறுப்பு பீர் ஒரு பாட்டில் (முனி குடிப்பார்), பத்திரிகை ஒன்று, எவர்சில்வர் தட்டு, முதுகுவலித் தைலம்.


13 செப்டம்பர், சனி

பே.பூ. வாசல். கடும் வெயில். நாள் பார்த்தது அக்கா. பள்ளி விடுமுறையைப் பஞ்சாங்கத்தில் போடுவதில்லை. பேராக் மாநிலத்தின் எல்லாப் பிள்ளைகளும் எனக்கு முன்னால்.

கவுண்டரில் மலாய்ப் பெண். 'சியோராங் சாஜா?' ஒருவர்தானா? ஒருவர்தான். என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள், குடும்பத்தை ஒளித்து வைத்திருப்பேன் என்பதுபோல. குடும்பச் சீட்டுக்குத் தள்ளுபடி உண்டு. தனி ஆளுக்கு அனுதாபம் மட்டும்.

பை சோதனை. காவலர் நேப்பாளி. ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேசையில் அடுக்கினார். பல வழக்குகளில் பார்த்த காட்சி, இந்த முறை பொருட்கள் என்னுடையவை. பொங்கலைத் திறந்தார். நெய் வாசம். முகம் மாறிவிட்டது.

'பிரசாத்?'

தலையாட்டினேன். கண்ணில் ஒற்றி மூடி, தானே பைக்குள் வைத்தார். வெளி உணவுக்குத் தடை என்ற பெரிய பலகைக்குக் கீழேதான் இது நடந்தது. அடுத்து பாட்டிலை எடுத்தார்.

'இதுவும் பிரசாத்?'

ஆம் என்றேன். உண்மை அதுதான். நம்பவில்லை. பாட்டில் வாடகைப் பெட்டகத்துக்குப் போனது. கையில் ஊதா நிறப் பட்டை ஒன்று மாட்டினார்கள். அதுதான் சாவியாம்.

பிறகு, நிழலில்.

வரைபடம் வாங்கினேன். கிராணி வீடு, ரப்பர் பால் கொட்டகை, நாங்கள் குடியிருந்த லயம் எதுவும் அதில் இல்லை. இருப்பவை: ராட்சத நாற்காலி, கடற்கொள்ளையர் கப்பல், ஐஸ்கிரீம், ஐஸ்கிரீம், பேரரசரின் சாபம். கடைசியது ரோலர்கோஸ்டர்.

கேட்ட ஆட்கள்: 1. ஐஸ்கிரீம் விற்கும் பையன். முனி என்பது விளையாட்டா, எத்தனை உயரம் இருக்க வேண்டும் என்றான். 2. தகவல் மையம். தொலைந்த குழந்தையா என்றார்கள். பெயர், வயது, சட்டை நிறம். சிறிது யோசித்துவிட்டு இல்லை என்றேன். 3. புலி வேடம் போட்டவர். வேடத்தில் பேசக் கூடாதாம், கையைக் காட்டினார். அந்தத் திசையில் கழிப்பறை.

ஒரு சீனப் பாட்டியின் பேரன் என்னைச் சுட்டிக் கேட்டான், மாமாவுக்கு ஏன் யாருமில்லை என்று. ஆங்கிலத்தில் கேட்டான். எல்லோருக்கும் புரிந்தது.

இன்னும் பிறகு. பெஞ்சில் உட்கார்ந்து எழுதுவது.

பேரரசரின் சாபத்துக்கான வரிசை ஒரு பொய்க் குகைக்குள் போகிறது. தூரத்திலிருந்தே பார்த்தேன், குகைக்குள்ளே ஒருவர். உட்கார்ந்த கோலம். பெரிய கண், முறுக்கிய மீசை, கையில் அரிவாள், காலடியில் காசு. அக்கா சொல்லும் அடையாளமெல்லாம் சரி. நான் பார்த்த காலத்தில் வெறும் கல்தான். இப்போது யாராவது சிலை செய்து வைத்திருக்கலாம். கம்பெனிக்காரர்கள் இடத்தை விட்டு எழுப்பாமல் வைத்திருக்கிறார்களே, பரவாயில்லை என்றுகூட நினைத்தேன். அவர்களைப் பற்றி நான் நல்லவிதமாக நினைத்தது அந்தச் சில நிமிடம்தான்.

வரிசையில் நின்றேன். குகைக்குள் சென்றதும் கயிற்றைத் தாண்டி, தட்டை வைத்து, பூக்களைத் தோள்களில் வைத்து, கண்ணை மூடினேன். சூடம் மட்டும் ஏற்றவில்லை.

கண்ணைத் திறந்தபோது பின்னால் சத்தம் அடங்கியிருந்தது. வரிசையில் இருந்த தமிழர் எல்லோரும் கைகூப்பி நிற்கிறார்கள். ஒரு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு மகனையும் கழற்றச் சொல்கிறார். ஒருவர் பர்ஸைத் திறந்து காலடியில் காசு போட்டார். பின்னாலிருந்து, 'மச்சான், இது என்னா சாமி?' 'தெரியல லா, கும்பிடு மொதல்ல.'

அந்த நேரம் சாமியின் கண் சிவப்பாக எரிந்தது. வாயைத் திறந்து ஆங்கிலத்தில் எங்களை வரவேற்று, இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் ஏற வேண்டாம் என்று சொல்லித் தலையை அசைத்தது.

அசைத்ததில் வெள்ளைப் பூ விழுந்தது. முதலில். வலப்பக்கம்.

தட்டை எடுத்துக்கொண்டு திரும்பப் பார்த்தேன். திரும்ப வழி இல்லை. அந்த வரிசையிலிருந்து வெளியேற ஒரே வழி ரோலர்கோஸ்டர். 'சியோராங்?' என்று கேட்டுவிட்டு என்னை முன்வரிசையில், ஒரு பல்கலைக்கழக மாணவி பக்கத்தில் வைத்துப் பூட்டினார்கள். அதன் பிறகு நடந்ததை எழுதப்போவதில்லை. இறங்கும் இடத்தில் அதைப் படமெடுத்து விற்கிறார்கள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருக்கிறாள். நான் பொங்கலைக் கட்டிப் பிடித்தபடி கண்ணை மூடியிருக்கிறேன். வாங்கவில்லை.

வெளியே பெருக்கிக்கொண்டிருந்த அக்கா ஒருவர், தலையில் துண்டு, பூங்காச் சட்டை, வெகுநேரமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் துடைப்பத்தில் சாய்ந்து, 'முனியாண்டியத் தேடியா வந்தீங்கண்ணே?' என்றார்.

'ஆமா.'

'அது ஃபைபர். சீனாவுலேர்ந்து பெட்டியில வந்துச்சு.'

'இப்பதான் தெரிஞ்சுது.'

'போன மாசமும் ஒரு குடும்பம் அதுகிட்டதான் மொட்ட போட நின்னாங்க. நான்தான் வேணாம்னேன்.' சிரித்தார். 'பேசுச்சா?'

'பேசுச்சு.'

'நம்மாளு பேசமாட்டாரு. தண்ணிப் பார்க்குல இருக்காரு. பம்ப் ஹவுஸ் பின்னால. ஆ செங்னு சீனரு ஒருத்தரு இருப்பாரு, அவரக் கேளுங்க.' நான் பையைத் தூக்கியபோது பின்னாலிருந்து, 'பூ யாரு பக்கம் விழுந்துச்சு?' என்றார். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

பிற்பகல். நூடுல்ஸ். உப்பு.

கயலுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். சிரிப்பில் வார்த்தை வரவில்லை. பிறகு சட்டென்று நிறுத்தினாள்.

'வெள்ளைதான விழுந்துச்சு?'

'விழுந்துச்சு. ஆனா அது...'

'அப்ப முடிஞ்சுது மாமா. பூ வச்சீங்க, வெள்ளை விழுந்துச்சு. ஒரு பொய்யும் இல்ல. அம்மாகிட்ட இதையே சொல்லுங்க.'

நல்ல வாதம். சட்டம் படித்திருக்க வேண்டியவள். இரண்டு மடக்கு தேநீர் குடிக்கும் நேரம் யோசித்தேன். கார் நூறடியில். முதுகு வலி. பொய் இல்லை என்பதும் சரிதான். ஆனால் அக்கா நிச்சயம் கேட்பாள், 'சாமி எப்படி இருந்தாரு?' என்று. இங்கிலீஷில் பேசினார் என்றா சொல்வது?

'இல்ல கயல். அந்தப் பக்கம் போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்.'

'அங்க சிவப்பு விழுந்தா?'

நூடுல்ஸைக் கிளறினேன்.

'மாமா. அங்க சிவப்பு விழுந்தா அம்மா வர மாட்டாங்க. தெரியும்ல?' வைத்துவிட்டாள்.

தெரியும். அதனால்தான் நூடுல்ஸ் இறங்கவில்லை. உப்பு மட்டும் காரணமில்லை.

அ.பூ. வாசல். இரண்டாம் டிக்கெட். 'சியோராங் சாஜா?' ஆமாம், ஆமாம், ஆமாம்.

இங்கே புது விதி. கால்சட்டை, சட்டையோடு தண்ணீர்ப் பகுதிக்குள் நடக்கவே கூடாது. நீச்சல் உடை கட்டாயம். நான் நீந்த வரவில்லை என்றேன். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார்கள். கடையில் என் அளவுக்கு இருந்தது ஒன்றே ஒன்று: உடம்போடு ஒட்டும் துணி, நீலம், முழுக்க ஆரஞ்சு மீன்கள். நெஞ்சில் பெரிய மீன். ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், கையில் எவர்சில்வர் தட்டுடன், குலதெய்வத்தைத் தேடி மீன் உடையில் நடந்தார். இதை யாரும் படமெடுத்து விற்கவில்லை. அந்த மட்டில் நன்றி.

'சோம்பல் நதி' என்று ஒன்று. ரப்பர் வளையத்தில் உட்கார்ந்தால் தண்ணீர் தானாக இழுத்துச் செல்லும். அதன் கரையோடு நடந்தேன். ஒரு வளைவு. கொஞ்ச தூரத்தில் இன்னொரு வளைவு. நின்றுவிட்டேன். இந்த வளைவு எனக்குத் தெரியும். சிமெண்டு பூசி, நீலம் அடித்து, குளோரின் கலந்து, மேலே இருநூறு பிள்ளைகளை மிதக்கவிட்டிருந்தாலும் அது எங்கள் வாய்க்கால். அக்கா சொன்னது சரி. வாய்க்காலை யாரும் இடிக்கவில்லை.

வளைவு முடியும் இடத்தில் பம்ப் ஹவுஸ். 'நுழையாதே' பலகை. அதன் அருகே எண்ணெய்க் கறைச் சட்டையோடு ஒரு சீனர், என் வயது இருக்கும். என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், மீனைப் பார்த்தார்.

'அண்ணே, டத்தோவப் பாக்க வந்தியா?'

தமிழ். தோட்டத்துத் தமிழ். ஆ செங் இவர்தான். அப்பா அந்தக் காலத்தில் தோட்டத்து வாசலில் மளிகைக் கடை வைத்திருந்தாராம்.

'முனியைப் பாக்க வந்தேன்.'

'அதான் சொல்றேன். வா.'

பின்னால் போனோம். பலா மரம் அப்படியே. அதனடியில் சிவப்புச் சாயம் பூசிய முழங்கால் உயர வீடு, சீனர்கள் டத்தோவுக்குக் கட்டுவது: மலாய்க்காரக் காவல் தெய்வம், அதாவது முஸ்லிம். உள்ளே எங்கள் கல். சந்தேகமே இல்லை, மேல்மூலையில் அந்த உடைப்பு. கல்லின்மேல் கறுப்பு வெல்வெட் சொங்கோக், மலாய்க்காரர் அணியும் அதே தொப்பி. முன்னால் ஒரு கோப்பை பால் இல்லாத காப்பி, வெற்றிலை, ஊதுபத்திச் சாம்பல். கழுத்தில் ஒரு முழம் மல்லிகை. அது பெருக்குகிற அக்கா வெள்ளிதோறும் போடுவதாம்.

'இவரு எப்ப மலாய்க்காரர் ஆனாரு?'

'பார்க்கு கட்டறப்ப. மண்வெட்டுற மெஷினு இந்தக் கல்லுகிட்ட வந்து நின்னுடுச்சு. மூணு மெஷினு. பாஸ் பயந்துட்டான். சித்தியவான்லேர்ந்து சாமியாடி ஒருத்தன் வந்தான். இங்க டத்தோ இருக்காரு, தொப்பி வேணும், காப்பி வேணும்னான். வாங்கி வச்சோம். மெஷினு ஓடிச்சு.'

'முன்னாடி இவரு பீர் குடிப்பாரு.'

'இப்ப விட்டுட்டாரு.' பெட்டகத்தில் கிடக்கும் பாட்டிலை நினைத்துக்கொண்டேன். 'சுருட்டு வச்சிருக்கியா? அது ஓகே. அதை விடல.'

அக்காவை வீடியோவில் கூப்பிட்டேன். நான் சொல்வதைவிட அவளே பார்க்கட்டும். வாழ்நாளில் முதல் முறையாக, மொழிபெயர்க்காமல்.

திரையில் முதலில் அவள் நெற்றி மட்டும். பிறகு கண்.

'என்னடா உடுத்தியிருக்க?'

'அத விடுக்கா. இங்க பாரு.'

போனைத் திருப்பினேன். அக்கா பார்த்தாள். வெகுநேரம்.

'அவருக்கு யாருடா தொப்பி போட்டது?'

ஆ செங் சாமியாடி கதையை முழுக்க மீண்டும் சொன்னார். அக்கா குறுக்கே பேசவில்லை. எனக்குத் தெரிந்து இதுவே முதல் முறை.

'பூவ வை' என்றாள்.

வைத்தேன். தோளில் இடமில்லை, தொப்பி மூடியிருக்கிறது. தொப்பியின்மேல் வலப்பக்கம் வெள்ளை, இடப்பக்கம் சிவப்பு. காத்திருந்தோம். வெல்வெட். பூ ஒட்டிக்கொண்டது. அலைக்குளத்தில் எச்சரிக்கைச் சங்கு ஊதி, பிள்ளைகள் கத்தி, அலை வந்து, போய், மீண்டும் சங்கு. பூ அசையவில்லை. இரண்டும்.

'தொப்பிய எடுங்க' என்றாள் அக்கா.

'எடுக்கக் கூடாது' என்றார் ஆ செங். 'கோவப்படுவாரு.'

'நாங்க அவர நாலு தலமுறையாக் கும்பிடறோம்!'

'நான் தெனம் காப்பி போடறேன், அக்கா.'

இருவருக்கும் நடுவே நான், மீன் உடையில். வழக்கமான இடம்தான்.

ஆ செங் சட்டைப் பையிலிருந்து இரண்டு காசு எடுத்தார். 'பூ வேலை செய்யாது. நாங்க காசு போட்டுக் கேப்போம். ஒண்ணு தலை, ஒண்ணு பூவா விழுந்தா ஆமா. ரெண்டும் பூன்னா இல்ல, கோவம். ரெண்டும் தலைன்னா சிரிக்கிறாரு.'

அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். போனைத் தள்ளிக்கூடப் பிடித்தேன்.

'அவரு அதுக்குப் பழகிட்டாரா?' என்றாள் மெதுவாக.

'பழகிட்டாரு. புது ராட்டினம்னாகூட பாஸ் வந்து இப்படித்தான் கேப்பான்.'

'சரி. கேக்கச் சொல்லு.'

'மெலாயுல கேக்கணும்' என்றார் ஆ செங்.

'அவருக்குத் தமிழ் தெரியும்!'

'முன்னாடி தெரியும்.'

'தம்பி, நீ கேளு. உனக்கு அதான வேலை. நான் சொல்றத அப்படியே சொல்லு. ஒரு வார்த்த மாத்தாத.' மூச்சு இழுத்தாள். 'ஐயா, எம்பொண்ணு வேற சாதி, வேற சாமி, பன்னி திங்கிற வீட்டுக்குப் போறேங்கிறா. இந்தக் கல்யாணம் நடக்கலாமா?'

ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. அப்படியே மலாயில் சொன்னேன். பன்றி உட்பட. ஆ செங் தலையில் கை வைத்துக்கொண்டார். 'டத்தோகிட்டப் போய் பன்னி பேரச் சொல்றியே லா!'

காசு விழுந்தது. இரண்டும் தலை.

'சிரிக்கிறாரு' என்றார் ஆ செங். அவருக்கே நிம்மதி.

'எதுக்குச் சிரிக்கிறாரு?' இது அக்கா.

'கேள்வி சரியில்லன்னா சிரிப்பாரு. வேற மாதிரி கேக்கணும்.'

திரையில் அக்கா இல்லை. அவள் வீட்டு மின்விசிறி மட்டும். போனைக் கீழே வைத்துவிட்டாள் போல. இனி காசு இரண்டும் பூவாக விழுந்தால் அதையும் விழுந்தபடிதான் சொல்ல வேண்டும். கயலிடம் என்ன சொல்வது என்று முதல் முறையாகப் பயம் வந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

'தம்பி.'

'சொல்லுக்கா.'

'அவரு அங்க தனியாவா இருக்காரு?'

'தனியாத்தான்.'

'நான் இருக்கேன் லா' என்றார் ஆ செங்.

மீண்டும் மின்விசிறி. பிறகு அவள் முகம், மிக அருகில். 'கேளு. கல்யாணத்துக்கு வருவீங்களான்னு கேளு.'

'அது வேற கேள்விக்கா. உத்தரவுதான...'

'கேளுடா.'

கேட்டேன். இந்த முறை மரியாதைச் சொற்கள் இரண்டு நானாகச் சேர்த்தேன். முப்பது வருடத்தில் இதுதான் முதல் கூட்டல். ஆ செங் காசை இரு கையிலும் மூடி, நெற்றிக்கு உயர்த்திப் போட்டார். ஒன்று உடனே படுத்தது: தலை. மற்றது உருண்டு, காப்பிக் கோப்பையில் முட்டி, சுற்றி, சுற்றி, விழுந்தது.

பூ.

'வாராரு' என்றார் ஆ செங்.

போனில் அக்கா. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும். கயலுக்கு அது அங்கிருந்துதான் வந்திருக்கிறது. பிறகு, 'பன்னி இல்லாம சமைக்கச் சொல்லணும் அப்ப' என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பத்திரிகையைக் காப்பிக் கோப்பையின் அடியில் வைத்தேன், காற்றில் பறக்காமல். பொங்கலை ஆ செங்கும் நானும் பம்ப் ஹவுஸ் படியில் உட்கார்ந்து தின்றோம். ரோலர்கோஸ்டரில் போய்வந்த பொங்கல். கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ருசி போகவில்லை.

மழை. பூங்காவை மூடிவிட்டார்கள். பீர் பாட்டில் பே.பூ. பெட்டகத்தில். ஊதாப் பட்டை இன்னும் கையில், கழற்ற வரவில்லை.


14 செப்டம்பர், ஞாயிறு

உடம்பு முழுக்க வலி. தைலம் தீர்ந்தது.

கயலும் ஜேசனும் வந்து பெட்டியைத் தூக்கிப் போனார்கள். தைப்பிங்குக்கு. கயல் என்னைக் கட்டிப் பிடித்தாள், வலித்தது. ஜேசன் காரிலிருந்து, 'மாமா, டயர் நான் பாத்துக்கிறேன், எப்பவும்' என்றான். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை.

மேசைக்கடியில் கால் நீட்டிச் சாப்பிட்டேன். இடம் அதிகமாகத் தெரிகிறது.


15 செப்டம்பர், திங்கள்

தூறல். மலை தெரிகிறது.

ஊதாப் பட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். பெட்டகச் சாவி அதுதான் என்பது வெட்டிய பிறகு நினைவு வந்தது.

அக்கா போன். பத்திரிகை பாதிக்கு மேல் கொடுத்தாகிவிட்டதாம். பந்தியில் ஒரு மேசை தனியாக, பன்றி இல்லை, பீர் இல்லை, அதன் தலைப்பக்கம் ஒரு நாற்காலி காலி. யாரும் உட்காரக் கூடாது. சம்பந்தி வீட்டுக்காரர் ஏன் என்று கேட்டாராம். 'எங்க பக்கத்துப் பெரியவர் ஒருத்தர் வாராரு' என்று சொன்னாளாம். உடனே புரிந்துகொண்டு, தங்கள் டயர் கடைக்குப் பின்னாலும் தொப்பி வைத்த டத்தோ ஒருவர் இருக்கிறார், அவரையும் கூப்பிடலாமா என்று கேட்டாராம். இரண்டு நாற்காலி.

பிறகு விஷயத்துக்கு வந்தாள். கல்யாணம் முடிந்த மறுவாரம் பொண்ணு மாப்பிள்ளையோடு போய் நன்றி சொல்ல வேண்டும்.

'டிக்கெட் வாங்கிச் சாமி கும்பிடமாட்டேன்னியே?'

'கும்பிட யாரு போறா? வீட்டுக்கு வந்தவர நாம போய்ப் பாக்க வேணாமா?'

'முட்டி வலி?'

'அந்த வளையத்துல உக்காந்தா தண்ணியே இழுத்துட்டுப் போவுமாமே, கயல் சொன்னா. நம்ம வாய்க்காதான அது?' கொஞ்சம் தயங்கினாள். 'தம்பி, அந்தத் துணி, நீ போட்டிருந்தியே. என் அளவுக்கு இருக்குமா? மீன் போடாதது?'